கில்லன் தொரையும் அச்சுமரப் பெட்டியும்

ஒரு காலத்துல, நம்ம பூட்டன் ஓட்டனெல்லாம் பொறக்காத காலத்துல, வெள்ளக்காரன் பட்டாளம் வச்சு ஆண்ட காலத்துல, மேலக்கோட்டைன்னு ஒரு ஊரு. வேற எங்கயும் இல்ல, இதே ஊருதான். வடக்க பட்டாளம், பட்டாளத்த ஒட்டி இங்கிலீசுக் கோயிலு. தெக்க நம்ம சூசையப்பர் கோயிலு. கோயிலுக்கு அந்தாண்ட மேலத்தெரு, இந்தாண்ட கீழத்தெரு. ரெண்டு தெருக்காரனும் ஞானஸ்நானம் வாங்குனது ஒரே தொட்டித் தண்ணியிலதான். தண்ணி காயிறதுக்குள்ள அவன் அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம்.

என்னடி சிரிப்பு? மெட்ராஸ்லேருந்து வேன் புடிச்சு வந்து எறங்குனதும் கேட்டீங்கல்ல, "ஏன் அத்தை, கல்லறைத் திருநாளுக்கு நம்ம தெருவுல மட்டும் ஆளே இல்லாத பெட்டியத் தூக்கிட்டுப் போறீங்க"ன்னு? இந்தக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு, பூ வச்சாச்சு. பெட்டி எடுக்க இன்னும் நேரம் கெடக்கு. சொல்றேன், கேளுங்க. எங்கம்மா எனக்குச் சொன்னது, அவளுக்கு அவங்க அம்மா சொன்னது. இனிப்பான கத இல்ல. இனிப்பு வேணும்னா வேளாங்கண்ணிக்குப் போங்க.

அந்தக் காலத்துல இந்த ஊருக்கு ஒரு வெள்ளக்காரன் வந்தாரு. பேரு ஓவன் கில்லன். நம்மாளுங்க வாயில கில்லன் தொரை. வெள்ளக்காரன்னாலும் இங்கிலீசுக்காரன் இல்ல. அயர்லாந்துன்னு ஒரு தேசம். அங்க இருக்கறவனும் வெள்ளதான், ஆனா வெள்ளைக்கே அடங்கிக் கெடந்த வெள்ள. நம்ம கத்தோலிக்க வேதம்தான் அவங்க வேதமும். அதனாலயே அங்க அவங்களுக்கு ஒண்ணுத்துக்கும் உரிமை இல்லையாம். அவரு சின்னவரா இருக்கும்போது அவங்கப்பா செத்துப் போனாராம். குழியில எறக்கியாச்சு. சாமியாரு செபம் சொல்ல வாயத் தொறந்தாராம். இங்கிலீசுக் கோயில் பாதிரி ஓடி வந்து, "என் கல்லறையில உன் செபம் சொல்லக் கூடாது"ன்னு நிறுத்திப்புட்டானாம். வாய மூடிக்கிட்டு மண்ணத் தள்ளிட்டு வந்தாங்களாம். அந்தக் கோவத்த நெஞ்சுல வச்சுக்கிட்டே கடல் தாண்டி வந்தாரு மனுசன்.

வந்தவரு பட்டாளத்துல கணக்கெழுதுனாரு. அது புடிக்கல. விட்டுட்டு எங்கயோ பழசா ஒரு அச்சு மிசினு வாங்குனாரு. இரும்பு இல்ல, மரத்துல செஞ்சது. தேக்குக் கட்டையில நிலையும், மேல மேசையுமா, வண்டியில ஏத்தி வந்து எறக்குனாங்களாம். சரி, எறக்கியாச்சு, வைக்க வீடு வேணுமே? பட்டாளத்துப் பக்கம் கேட்டாரு. "நீ அயர்லாந்துக்காரன், போ"ன்னாங்க. மேலத்தெருவுல கேட்டாரு. "தொரை, நீங்க நம்ம வேதம்தான், சந்தோசம். ஆனா மாட்டுக்கறி திம்பீங்களே"ன்னாங்க. கீழத்தெருவுக்கு வந்தாரு. நம்மகிட்ட அந்தக் கேள்வியே இல்ல. நம்ம கொழம்பே அதானே!

அப்படித்தான் நம்ம தெருக் கோடியில அச்சு வந்து உக்காந்துச்சு. மிசின் இழுக்க மிக்கேலுன்னு நம்ம தெருப் பையன வச்சுக்கிட்டாரு. மிக்கேலுக்குக் கஞ்சி கொண்டாருவா அவன் தங்கச்சி சவுரியாயி. கஞ்சி கொண்டாந்தவ தொரைக்கும் ஒரு சொம்பு ஊத்துனா. ஊத்தி ஊத்தி, ஒருநா சாமியாரு ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பீடத்துல வச்சு கல்யாணம் மந்திரிச்சு வச்சாரு. நடுப் பீடத்துல இல்ல. பொண்ணு கீழத்தெரு.

அந்த சவுரியாயிதான் நம்ம வம்சத்துக்கு வேரு. ஒரே மக, ரோசம்மா. அவ வழியிலதான் நாம அத்தன பேரும்.

தொரை சேதிக் காயிதம் போட்டாரு, அதான் பத்திரிகை. எத எழுதுனாரு? ஞாயித்துக்கெழமை ஆனா பட்டாளத்துல கொட்டு அடிப்பான். நம்ம வேதக்காரச் சிப்பாயி, அயர்லாந்துச் சிப்பாயி, எல்லாரையும் வரிசையில நிறுத்தி இங்கிலீசுக் கோயிலுக்கு ஓட்டிட்டுப் போவான். சூசையப்பர் கோயில் மணி அடிக்கிறது காதுல விழும், போவ முடியாது. சிப்பாயி செத்துட்டா அவன் புள்ளைங்களத் தூக்கிட்டுப் போயி அனாத மடத்துல போட்டு, வேதத்த மாத்தி வளப்பான். பெத்தவ வாசல்ல கெடந்து கத்தணும். இதத்தான் எழுதுனாரு. வாரா வாரம் எழுதுனாரு. பட்டாளத்துப் பெரிய அதிகாரி கூப்புட்டு, "நிறுத்து"ன்னான். "நீ கொட்ட நிறுத்து, நான் காயிதத்த நிறுத்துறேன்"னாராம். புடிச்சு ஜெயில்ல போட்டான். உள்ள இருந்துக்கிட்டே எழுதுனாரு, மிக்கேலு வெளிய அச்சடிச்சான். கடைசியில மேலேருந்து உத்தரவு வந்துச்சு: அவனவன் அவனவன் கோயிலுக்குப் போலாம்னு.

தொரை வெளிய வந்த அன்னைக்குப் பாக்கணுமாம் இந்த ஊர! மேலத்தெரு பெரியதனக்காரரு தனிஸ்லாசு, கோயில் சாவியே அவரு இடுப்புலதான், அவரே மால போட்டு, சந்தனம் பூசி, கொட்டு மேளத்தோட கூட்டியாந்தாரு. "எங்க உரிமைய வாங்கிக் குடுத்த ராசா"ன்னு கட்டிப் புடிச்சாராம். தொரை அழுதுட்டாராம். பாவம், அப்பாவி மனுசன். நெசம்னு நம்பிட்டாரு.

அந்த மாரியில நம்ம தெருவுல ஒரு கெழவன் செத்தான். கோயில்ல தூம்பான்னு ஒண்ணு இருந்துச்சு. பொணத்த வச்சுத் தூக்கிட்டுப் போற பொதுப் பெட்டி. கறுப்பு வெல்வெட்டுப் போத்தி, வெள்ளிச் சிலுவை வச்சது. பொதுன்னு பேருதான், மேலத்தெருவுக்கு மட்டும் பொது. நம்ம கெழவன ஏணியில கட்டி, மழையில நனைய நனைய, கல்லறைக்குப் பின்வழியா தூக்கிட்டுப் போறாங்க. கோயில் மணி இல்ல, ஒண்ணும் இல்ல. தொரை பாத்துட்டாரு.

நேரா தனிஸ்லாசுகிட்ட போனாரு.

"பெரியதனக்காரரே, தூம்பா எதுக்கு உள்ள பூட்டிக் கெடக்கு?"

"அது அவங்களுக்குக் குடுக்கறதில்ல தொரை."

"ஏன்?"

"குடுக்கறதில்ல."

"நீங்களும் அவங்களும் ஒரே வேதம். வெள்ளக்காரன் உங்களக் கீழ வச்சான்னு நான் ஜெயிலுக்குப் போனேனே?"

தனிஸ்லாசு சிரிச்சாராம். கோவமே இல்லாமச் சிரிச்சாராம். "தொரை, அது உரிமை. இது வழக்கம். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க"ன்னாராம்.

கேட்டீங்களா வார்த்தைய? அது உரிமையாம், இது வழக்கமாம். வாங்கும்போது உரிமை, குடுக்கும்போது வழக்கம்!

தொரை வீட்டுக்கு வந்தாரு, எழுத்துக் கோக்க உக்காந்தாரு. அந்தக் காலத்துல ஒவ்வொரு எழுத்தும் ஈயத்துல தனித்தனியா இருக்கும், பொறுக்கிக் கோத்து, நூலச் சுத்திக் கட்டி, மிசின்ல ஏத்தணும். தூம்பா சங்கதிய முழுசாக் கோத்து முடிச்சாரு. ஏத்தப் போற சமயத்துல சாமியாரு ஓடியாந்தாரு. நல்ல சாமியாருதான், பயந்தவரு.

"கில்லன், இத இப்பப் போடாதீங்க. அனாதப் புள்ளைங்க விசயம் பெரிய எடத்துல இருக்கு. இது வெளிய வந்தா இங்கிலீசுக்காரன் என்ன சொல்லுவான்? 'பாரு, நம்மகிட்ட சமத்துவம் கேக்கறவன் செத்தவனுக்குப் பெட்டி குடுக்க மாட்டேங்கறான்'னு சிரிப்பான். புள்ளைங்க திரும்பி வராது. கொஞ்சம் பொறுங்க."

தொரை யோசிச்சாரு. புள்ளைங்கள நெனச்சாரு, வாசல்ல கத்துற தாயிங்கள நெனச்சாரு. கோத்ததப் பிரிக்காம, நூலக் கட்டி மேசைக்கு அடியில வச்சுட்டாரு.

சவுரியாயி பாத்துக்கிட்டே நின்னா. "நீங்க பொறுப்பீங்க. பொணம் பொறுக்காது"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. உள்ள போயிட்டா.

புள்ளைங்க திரும்பி வந்துச்சு. நெசமாவே வந்துச்சு, அதச் சொல்லாம விட்டா எனக்குப் பாவம். தாயிங்கல்லாம் தொரை கால்ல விழுந்தாங்களாம். "சாமி, இப்பப் போடலாமா?"ன்னு தொரை சாமியாருகிட்ட கேட்டாரு. "சிப்பாயிங்களுக்கு ஆஸ்பத்திரிக்குள்ள வந்து நன்மை, அதான் நற்கருணை அப்பம், குடுக்க அனுமதி கேட்டிருக்கோம், அது வரட்டும்"னாரு சாமியாரு. அது வந்துச்சு. "பிஷப் ஆண்டவரு விசாரணைக்கு வர்றாரு, அவரு போகட்டும்." அவரு வந்தாரு, கோழி தின்னாரு, போனாரு. எப்பவும் ஏதாவது ஒண்ணு வரவேண்டியிருந்துச்சு. நம்ம தெருவுல சாவு மட்டும் ஒண்ணுத்துக்கும் காத்திருக்கல. ஏணியிலயும் பாயிலயும் போயிக்கிட்டே இருந்துச்சு. கட்டி வச்ச எழுத்து மேசைக்கு அடியிலயே கெடந்து, கட்டுன நூல்ல பூஞ்சக் காளான் புடிச்சுது. அந்த எழுத்தெல்லாம் முடங்கிக் கெடந்ததால மத்த சேதிக்கு எழுத்துப் பத்தாம, காயிதமே சின்னதாப் போச்சுன்னு சொல்லுவாங்க.

அப்புறம் ஊருல பேதி வந்துச்சு. காலையில நல்லாருந்த சவுரியாயி, வெயில் ஏறும்போது போயிட்டா.

தொரை அவ தலமாட்டுல உக்காந்திருந்தாரு. ரோசம்மா சின்னப் புள்ள, அவர் மடியில. அப்ப வாசல்ல ஆளரவம். பாத்தா தனிஸ்லாசு! பின்னால நாலு ஆளு, தோள்ல தூம்பா. கறுப்பு வெல்வெட்டு, வெள்ளிச் சிலுவை, எல்லாம் தொடச்சுப் பளபளன்னு.

"தொரை, உங்க சம்சாரம் எங்களுக்கு வேற ஆளா? உங்களுக்காகக் கொண்டாந்திருக்கோம். மணியும் அடிக்கச் சொல்லியிருக்கேன்."

தொரை எந்திரிச்சாரு.

"ஆனா ஒண்ணு தொரை. கீழத்தெருக்காரன் கை மட்டும் இது மேல படக் கூடாது. அவங்கப்பன், அண்ணன் எல்லாம் பின்னால வரட்டும். இது உங்களுக்காக. இத வழக்கமாக்கிடக் கூடாது."

தொரை அந்தப் பெட்டியையே பாத்துக்கிட்டு நின்னாராம். எங்கம்மா இந்த எடத்துல கதைய நிறுத்திடுவா. "அவரு வேணாம்னு ஒடனே சொல்லல"ன்னுவா. ஆசதான் இருந்திருக்கும். யாருக்குத்தான் இருக்காது? கட்டுனவ ஏணியில போவக் கூடாதுன்னு எந்தப் புருசனுக்கும் இருக்கும்.

அப்ப மிக்கேலு வந்து தொரை கையப் புடிச்சான். "எடுத்துக்கங்க தொரை. தங்கச்சி நல்லபடியாப் போவட்டும். நாங்க தள்ளியே வர்றோம், கிட்ட வரல"ன்னான்.

அதான் அவர ஒடச்சுது. தனிஸ்லாசு சொன்னது ஒடைக்கல, மிக்கேலு சொன்னது ஒடச்சிருச்சு. கூடப்பொறந்தவளத் தூக்கற உரிமைய ஒருத்தன் தானா எடுத்துக் குடுக்கறான், அதுவும் கெஞ்சிக் குடுக்கறான்! தொரை வெளிய கையக் காட்டுனாரு. தூம்பா திரும்பிப் போச்சு.

உள்ள போயி கோடாலி எடுத்துக்கிட்டு அச்சு மிசினுகிட்ட போனாரு. மிக்கேலுக்கு வெளங்கிருச்சு. குறுக்க விழுந்தான். "தொரை, தொரை, மொதல்ல அத அச்சடிச்சிருவோம்! ஒரே ஒரு தடவ இழுத்துடறேன், அப்புறம் ஒடைங்க!"

"அவளுக்கே நான் படிச்சுக் காட்டல. இனிமே யாருக்கு?"ன்னாராம்.

மேசையப் பேத்தாரு. கட்டி வச்ச எழுத்து நூலறுந்து தரையெல்லாம் செதறுச்சு. அவரு எழுதுனதுலயே பெரிய எழுத்து அதான்னு மிக்கேலு சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தானாம். ஒருத்தரும் படிக்கல. பலகையும் நிலையும் சேத்து, மிக்கேலே ஆணி அடிச்சு, ஒரு பெட்டி செஞ்சாங்க. பலகையெல்லாம் மை. சவுரியாயிய அதுல வச்சாங்க.

தூக்க நாலு பேரு வேணும். தொரை ஒரு மூலை. மிக்கேலு ஒரு மூலை. அவங்கப்பன் தோமை, தள்ளாத கெழவன், அவன் ஒரு மூலை. நாலாவதுக்கு ஆளில்ல. தூம்பா திரும்பிப் போன வேகத்துல மேலத்தெருலேருந்து சேதி வந்துருச்சு: "எவன் தோள் குடுக்கறானோ அவனுக்கு நாளையிலேருந்து வயல்ல வேலை இல்ல." நம்ம ஆம்பளைங்க கதவுக்குப் பின்னால நின்னாங்க. ஆமா, நம்ம ஆம்பளைங்கதான். நம்ம பூட்டனுக்குப் பூட்டனுங்கதான். மேலத்தெருக்காரன மட்டும் திட்டிட்டுப் போயிடலாம்னு பாத்தேன், கத விட மாட்டேங்குது.

சவுரியாயி தங்கச்சி அன்னம்மா. பொம்பள பொணம் தூக்கறது எந்த ஊருல உண்டு? சீலைய இழுத்துச் சொருவுனா. வந்தா. நாலாம் மூலைக்குத் தோளக் குடுத்தா. தெரு முழுக்கக் கதவிடுக்குல பாத்துக்கிட்டு நிக்குது. கல்லறைக்கு வந்து, இதோ இந்த எடத்துலதான் அவள எறக்குனாங்க, பெட்டியத் தூம்பா மாதிரி திரும்பக் கொண்டாந்துட்டாங்க. மணி அடிக்கல.

அதோட காயிதம் நின்னுபோச்சு. நின்னதும் எல்லாருக்கும் நிம்மதி. இங்கிலீசுக்காரனுக்கு நிம்மதி, சாமியாருக்கு நிம்மதி, தனிஸ்லாசுக்குக் கேக்கவே வேணாம். தொரை நம்ம தெருவுலயே கெடந்தாரு. சிப்பாயிப் பொண்டாட்டிங்களுக்கு மனு எழுதிக் குடுப்பாரு, கள்ளுக் குடிப்பாரு, ரோசம்மாவ வளத்தாரு. மேலத்தெருவுலேருந்து ஒரு நாயி எட்டிப் பாக்கல. சவுரியாயி குழிக்குப் பக்கத்துல ஒரு குழிக்கு எடம் விடச் சொல்லியிருந்தாரு. "நான் செத்தா இதே பெட்டி. இதே தெரு. அவ பக்கத்துல"ன்னு சொல்லிச் சொல்லி ரோசம்மா காதுல ஏத்தியிருந்தாரு.

ஏய், மெட்ராஸ்காரி, கொஞ்சம் தள்ளி உக்காரு. அது அவரு எடம்.

தொரை செத்தாரு. ரோசம்மா பெட்டியக் கழுவி, குழி வெட்டச் சொல்லி ஆள் அனுப்புனா. அப்பத்தான் எல்லாருக்கும் கில்லன் தொரை நெனப்பு வந்துச்சு! எங்கெங்கயோ இருந்து பெரிய மனுசங்க வந்தாங்க. பேண்டு வந்துச்சு. தனிஸ்லாசு மகன், இப்ப அவன்தான் பெரியதனம், தூம்பாவோட வந்து வாசல்ல நின்னான். "நம்ம வேதத்துக்காக ஜெயிலுக்குப் போனவரு, கோயிலுக்குள்ள அடக்கம் பண்ணப் போறோம்"னான். புதுச் சாமியாரு, கூட ரெண்டு போலீசு.

ரோசம்மா வாசல்ல குறுக்க நின்னா.

"எங்கப்பா எங்கம்மா பக்கத்துல படுக்கணும்னாரு."

சாமியாரு நல்லாத்தான் பேசுனாரு. "அம்மா, அவரு உனக்கு மட்டும் அப்பா இல்ல. நம்ம வேதத்துக்கே தகப்பன் மாதிரி."

"அப்ப வேதத்துக்கு எங்கம்மா யாரு சாமி?"

அதுக்குத்தான் போலீசு இருக்கே. அவள நவத்திட்டுத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. வெல்வெட்டு, வெள்ளிச் சிலுவை, பேண்டு, மணி. அந்த மனுசன் எத வேணாம்னு வெளிய கையக் காட்டுனாரோ, அதுலயே வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. செத்தவன் கையக் காட்ட முடியாதுல்ல.

கோயிலுக்குள்ள மேலத்தெருக்காரங்க உக்கார்ற பக்கம் தரையத் தோண்டி வச்சாங்க. மேல சலவக் கல்லு. "கத்தோலிக்கரின் உரிமைக் காவலர்"னு வெட்டியிருக்கும், நீங்களே போயிப் பாருங்க. சவுரியாயின்னு ஒருத்தி பேரு அதுல இல்ல. கோயிலுக்கு நடுவுல அப்பத் தடுப்பு இருந்துச்சு, நம்ம ஆளு அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. பெத்த மக, அப்பன் கல்லறைக்கு ஒரு திரி கொளுத்தி வைக்க முடியாது. தடுப்புக்கு இந்தாண்ட நின்னு எட்டிப் பாத்துட்டு வரணும். உரிமைக் காவலராம்!

அன்னைக்கு அவ என்ன பண்ணுனா தெரியுமா? அந்த வெறும் பெட்டிய அப்படியே விட்டுடல. அதத் தூக்கிட்டுப் பின்னாலயே போறேன்னு நின்னா. அவ ஒரு மூலை, மிக்கேலு ஒரு மூலை. திரும்பிப் பாத்தா, இந்தத் தடவ கதவு தொறந்துச்சு. ஒருத்தன் வந்தான். இன்னொருத்தன் வந்தான். அப்புறம் தெருவே வந்துச்சு. வயல் வேலை போனாப் போவட்டும்னு வந்துச்சு. ரொம்ப லேட்டுதான். ஆனா வந்துச்சு.

வெறும் பெட்டியக் கோயில் பெரிய வாசல்ல எறக்கி வச்சாங்க. உள்ள பூசை நடக்குது, வாசலச் சாத்திட்டாங்க. ரோசம்மா கதவுகிட்ட போயி, "எங்கப்பாவக் குடுங்க"ன்னு கேட்டா. மறுபடி கேட்டா. கதவு தொறக்கல. வெறும் பெட்டியோட திரும்பி வந்தாங்க.

மறு வருசம் கல்லறைத் திருநாளுக்குத் திரும்பப் போனா. அவ இருந்த வரைக்கும் போனா. அவளுக்கப்புறம் அவ மக போனா. இப்ப வரைக்கும் போயிக்கிட்டிருக்கோம். எறக்கி வைப்போம், "எங்கப்பாவக் குடுங்க"ன்னு கேப்போம், தூக்கிட்டு வந்துருவோம். வேடிக்க பாக்கறவன் ஏதோ வேண்டுதல்னு நெனச்சு கும்புடு போட்டுட்டுப் போவான்.

இப்ப தடுப்பு இல்ல, எடுத்தாச்சு. தூம்பாவும் இல்ல, வேன் வந்துருச்சு, எல்லாச் சாவுக்கும் ஒரே வேனு. சாமியாரு பிரசங்கத்துலயே சொல்லிட்டாரு, "அதான் எல்லாம் மாறிடுச்சே, பழசையெல்லாம் மறந்துருங்க"ன்னு. மறந்துடறோம் சாமி. எங்களுக்கென்ன ஆசையா? எலும்பக் குடுத்துருங்க, இந்தக் குழியில வச்சு மூடிட்டு மறந்துடறோம்.

பெட்டியில பலகை எத்தனையோ தடவ மாத்தியாச்சு. மாத்தாதது ஒண்ணுதான்: நாலாம் மூலை எப்பவும் பொம்பளைக்கு. அன்னம்மாவுக்கப்புறம் ரோசம்மா, அவளுக்கப்புறம் அவ மக, அப்படியே எங்கம்மா வரைக்கும் வந்து, இப்ப நான். போன வருசம் கோயில் வாசல் படியில என் தோளு எறங்கிருச்சு. டாக்டரு இனிமே ஒரு குடம் கூடத் தூக்கக் கூடாதுன்னுட்டாரு.

அதோ, பெட்டிய வெளிய எடுத்துட்டாங்க. கத சொன்னவளுக்குக் கூலி ஒண்ணும் வேணாம். கேட்டவங்க தோள் குடுக்கணும், அதான் நம்ம தெருவுல கணக்கு. உங்கள்ல யாரு வர்றீங்க? எந்திரிங்கடி. சீலையச் சொருவுங்க.